ஆறும் நலம்

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

இங்கே அம்மா, நான், தம்பி பட்டாணி மூன்று பேரும் சுகம். அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் ஆகிறது. போனில் இருமல் கேட்டது, மற்றபடி சுகம்தான் என்கிறார். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்குச் சொல்கிற பதில் வேண்டாம். நிஜமான பதில் வேண்டும்.

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவிழ்த்துப் போட்ட வாளிதான் நாற்காலி. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்வேன்.

உன் ஓடில்லா நத்தைகள் ஆறும் நலம். நீ ஹாஸ்டலுக்குப் போன அன்றைக்கே கொட்டிவிட்டேன் என்று நான் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள். "நாள் பூரா ஆஸ்பத்திரி விரிப்பை வெளுத்துட்டு வரேன், வீட்டுலயும் வழவழன்னு ஒண்ணு வேணுமா" என்று இன்னொரு முறை சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டாள். தெர்மோகோல் பெட்டி பின்பக்க பால்கனியில், உடைந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டாணிக்கு எட்டாது. இரண்டு வயதுக்கு அவன் ரொம்பத்தான் எட்டுகிறான், ஆனாலும் எட்டாது.

ஒரு சந்தேகம். அவற்றின் வலதுபக்கம் ஒரு ஓட்டை திறந்து திறந்து மூடுகிறது. அதுதான் வாயா? அப்படியானால் வெள்ளரிக்காயை முன்னால் வைப்பதா, பக்கத்தில் வைப்பதா?

பதிலைக் கீழே கடை வைத்திருக்கும் கடிகாரக்காரர் பேருக்கே போடு. வீட்டுக்கு வருகிற எந்த உறையையும் அம்மா பிரிக்காமல் விடமாட்டாள்.

உன் சின்னவள்

—

ஜூலை 17

அடி வாலு,

நான் நலம். நிஜ பதில்: சாப்பிடுகிறேன், தூங்குவது மட்டும் கொஞ்சம் குறைச்சல். பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் கணக்குப் போடுகிறாள். பட்டாணிக்கு என் முத்தம். அப்பாவின் இருமலுக்கு அம்மாவை ஒரு சத்தம் போடச் சொல்.

அது வாய் இல்லை, மூச்சுத் துளை. முதுகில் முன்பக்கமாக ஒரு சின்னத் துண்டைப் போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கிறதே, அந்தப் போர்வைக்கு வலது ஓரத்தில்தான் அது இருக்கும். ஒரே நுரையீரல், ஒரே ஜன்னல். போர்வைக்கு அடியில் நகத்துண்டு மாதிரி ஓர் ஓடு ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு மிச்சமான வீடு. மேலே நீளமான இரண்டு கொம்புகளின் நுனியில் கண். கீழே குட்டையான இரண்டும் மோப்பத்துக்கு. வாய் அந்தக் குட்டைக் கொம்புகளுக்குக் கீழே. உள்ளே நாக்கு பூராவும் பல், ஆயிரக்கணக்கில். வெள்ளரிக்காயை எங்கே வைத்தாலும் தேடிக்கொண்டு வரும், உன்னை மாதிரி.

பெட்டிக்குள் விரித்த துணி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஒருநாள் மூடாமல் வைத்துவிட்டு ஊற்று. இரண்டு நாளுக்கொரு முறை எச்சத்தையும் அழுகினதையும் எடுத்துவிடு. முட்டை ஓட்டை நுணுக்கித் தூவு, சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் அந்த நகத்துண்டு ஓடு மெலிந்துவிடும். உப்பு பக்கத்திலேயே வரக் கூடாது. சோப்பும் அப்படித்தான். அதன் தோல் நம் தோல் மாதிரி இல்லை, தொட்டது எல்லாம் உள்ளே போய்விடும்.

உனக்கே தெரியும், இங்கே ஹாஸ்டலில் பிராணி வளர்க்க விடமாட்டார்கள். முட்டையிலிருந்து நான் வளர்த்த அந்த ஆறையும் நவம்பரில் உயிரோடு கொண்டுவந்து காட்டினால்தான் எங்கள் பேராசிரியர் லேபில் எனக்கு ஒரு மேசை தருவார். ஆறு. ஐந்து இல்லை. அம்மாவிடம் மூச்சு விடாதே. சத்தியம் பண்ணியிருக்கிறாய்.

அக்கா

—

ஆகஸ்ட் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பமாட்டேன். எழுதினால் தூக்கம் வருமோ என்று எழுதுகிறேன்.

ஆறில் ஒன்று செத்துவிட்டது. நேற்று சாயங்காலம் பெட்டியைத் துடைத்தேன். கொடியில் காய்ந்த ஒரு வெள்ளைத் துணியைத்தான் எடுத்தேன். அம்மா சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த துணி. துடைத்து முடித்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. பெட்டியைப் பத்துத் தரம் கழுவினேன். காலையில் மற்ற ஐந்தும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அது மட்டும் நடுவில் நுரையாகக் கிடந்தது.

நீ சோப்பு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் சோப்புப் போடவில்லை. அதைச் சொன்னால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கட்டடத்துக்குப் பின்னால் சாக்கடை மூடிக்கு அடியில் ஒன்று கிடைத்தது. அதே சாம்பல் நிறம், அதே நீளம். பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போது எண்ணினால் ஆறு. எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை.

இதைப் பழைய பள்ளிக்கூட ஷூவுக்குள் வைக்கப் போகிறேன்.

—

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் நலம். பட்டாணி இப்போது 'வேண்டாம்' என்று சொல்லப் பழகிவிட்டான், எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறான். பரீட்சை நெருங்குகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆறும் நலம்.

உன் சின்னவள்

—

ஆகஸ்ட் 12

என் செல்ல வாலு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், பரீட்சை என்றால் எப்போதும் வருகிற வயிற்றுவலியைத் தவிர. ஆறும் நலம் என்ற உன் கடிதத்தை அப்படியே பேராசிரியரிடம் காட்டினேன். "உன் தங்கை உன்னைவிடப் பொறுப்பானவள்" என்றார். தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அவர் ஒன்று சொல்லச் சொன்னார். வெளியில் பிடித்த நத்தை எதையும் நம் பெட்டியில் சேர்க்கக் கூடாது. நீ செய்யமாட்டாய், சும்மா சொல்லி வைக்கிறேன். வெளியில் திரிவது எலிப் புழுக்கையைத் தின்னும். எலியின் நுரையீரலில் இருக்கும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் அது வழியாக நத்தையின் சதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நத்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதைத் தெரியாமல் பச்சையாகத் தின்றுவிட்டால் மனிதருக்கு மூளை வரை போகும். எங்கள் சீனியர் ஒருவன் பந்தயத்துக்காக விழுங்கப் போனானாம், அவர் அறைந்தே விட்டாராம். நம்முடையவை முட்டையிலிருந்து வளர்ந்தவை, சுத்தம். இருந்தாலும் தொட்ட கையை நன்றாகக் கழுவு.

இருபத்தைந்தாம் தேதி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள். மூன்று வாரம். அங்கே தபாலும் கிடையாது, போனும் கிடையாது.

அக்கா

—

ஆகஸ்ட் 18

அக்கா,

இதுவும் ஷூவுக்குள்தான் போகும்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் அந்தச் சாக்கடை நத்தையைக் கண்டுபிடித்து வெளியே விட்டுவிட வேண்டும் என்று பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேன். ஆறும் ஒரே மாதிரி இருந்தன. பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தான். வாசல்மணி அடித்தது. மேல்வீட்டு மாமி, அவர்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைக்க வந்தார். இரண்டு நிமிடம்தான், அக்கா. அவர் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தால் மூன்று.

திரும்பி வந்தால் பட்டாணி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான். கையில் பின்பாதி மட்டும் இருந்தது.

வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். கொஞ்சம் வந்தது. அவன் என் விரலைக் கடித்தான். வாயைக் கொப்பளிக்க வைக்கப் பார்த்தேன், தண்ணீரையும் விழுங்கிவிட்டான். பிறகு என்னைப் பார்த்து 'வேண்டாம்' என்றான்.

பெட்டியில் ஐந்து இருக்கின்றன. அவன் தின்றது நம்முடையதாக இருந்தால் ஒன்றும் இல்லை. ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு அதற்குத்தான். கணக்கு வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறில் ஒன்றை மட்டும் மனசு விடமாட்டேன் என்கிறது.

அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். உனக்குப் பண்ணின சத்தியமும் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

—

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். அங்கே நீயும் நலம்தானே?

பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதற்காகக் கேட்கிறேன். நம் நத்தையும் சாக்கடை நத்தையும் ஒரே நிறமாக இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வது? கடற்கரைக்குப் போகுமுன் கட்டாயம் பதில் போடு. மதிப்பெண் இருக்கிறது.

நத்தைகள் நலம்.

உன் சின்னவள்

—

ஆகஸ்ட் 25

வாலு,

மூட்டை கட்டிக்கொண்டே எழுதுகிறேன். எல்லாரும் நலமாக இருங்கள்.

சுலபம். மூச்சுத் துளையைப் பார். நம்முடையதற்குப் போர்வையின் நடுவைத் தாண்டிப் பின்பக்கமாக இருக்கும். உங்கள் பக்கத்துச் சாக்கடைகளில் இருக்கும் வகைக்கு நடுவுக்கு முன்னால், தலைப்பக்கமாக இருக்கும். மூடியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. திறக்கிற வரை அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

ஏழாம் வகுப்பில் இதையா கட்டுரை கேட்கிறார்கள்? அப்புறம், 'ஆறும் நலம்' என்று எழுதுகிறவள் இந்தத் தடவை 'நத்தைகள் நலம்' என்று எழுதியிருக்கிறாய். பஸ் வந்துவிட்டது.

அக்கா

—

செப்டம்பர் 1

அக்கா,

நீ எங்கேயோ கடலுக்குப் பக்கத்தில் இருப்பாய். அனுப்பினாலும் உன் கைக்கு வராது.

கடிகாரக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அந்தக் கண்ணாடியைக் கேட்டேன். எதுக்கு என்றார். ஒரு ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கணும் என்றேன். "என் சட்டைப் பையில கூட ஒண்ணு இருக்கு பாப்பா, அதையும் பாத்துச் சொல்லு" என்று சிரித்துவிட்டு, நாளைக் காலை கடை திறப்பதற்குள் வேண்டும் என்று கொடுத்தார்.

ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன். குளியலறையில் ராத்திரி இந்த நேரத்தில் குழாய் சொட்டுவதுதான் ஒரே சத்தம். முதலாவது கொஞ்ச நேரத்தில் திறந்தது. பின்பக்கம். இரண்டாவது, பின்பக்கம். மூன்றாவது திறக்கவே இல்லை, கால் மரத்துப்போயிற்று, அப்புறம் திறந்தது. பின்பக்கம். நாலாவதை எடுக்கும்போது அது கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. அதுவும் பின்பக்கம்.

ஒன்றுக்காவது முன்பக்கம் இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு ஐந்தாவதைப் பார்த்தேன்.

ஐந்தும் நம்முடையவை, அக்கா.

பட்டாணி இன்று நன்றாகத்தான் இருக்கிறான். என் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வீடு பூராவும் ஓடினான். பதினான்கு நாள் ஆகிவிட்டது. எத்தனை நாளுக்குப் பிறகு ஒன்றும் ஆகாது என்று உன் கடிதத்தில் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், இல்லை.

—

செப்டம்பர் 6

அக்கா,

முந்தாநாளிலிருந்து பட்டாணிக்குக் காய்ச்சல். இன்று இரண்டு தடவை வாந்தி எடுத்தான். தலையைத் தொட்டால் அழுகிறான். அம்மா வேலைசெய்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனோம்.

டாக்டர் கேட்டது இதுதான்: "குழந்தை புதுசா ஏதாவது தின்னானா? கீழ கிடந்ததை எடுத்து வாயில போட்டானா?"

அம்மா இல்லை என்றாள். "இவதான் பாத்துப்பா. ரொம்பப் பொறுப்பா பாத்துப்பா" என்று என் தோளில் கை வைத்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எடை பார்க்கும் அட்டவணையைப் பார்த்தேன்.

காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவன் உள்ளே முனகுகிறான். அம்மா தூங்கவில்லை, அதனால் விளக்கைப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வரி கோணலாக இருக்கும். எனக்கு எதற்குப் பயம் என்று எழுதிப் பார்க்கிறேன். அம்மா அடிப்பாள். நீ பேசமாட்டாய். உனக்கு மேசை கிடைக்காது. இந்த மூன்றையும் ஒரு பக்கம் எழுதிவிட்டு, இன்னொரு பக்கம் பட்டாணி என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் எழுத வரவில்லை.

—

செப்டம்பர் 8

அக்கா,

ஷூவுக்குள் இருந்த எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். தேதி வாரியாகப் படி.

நேற்றுக் காலை அம்மா வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பட்டாணியைக் கீழே நிறுத்தினால் காலை ஊன்ற மாட்டேன் என்று மடித்துக்கொண்டான். நான் போய்ப் பெட்டியை எடுத்துவந்து அம்மா முன்னால் வைத்தேன்.

"பட்டாணி இதுல ஒண்ணைக் கடிச்சுட்டான்மா."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். "எப்போ?" என்றாள்.

"இன்னையோட இருபது நாள்."

"அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

"நீ திட்டுவேன்னு."

"திட்டினா என்ன, செத்தா போயிடுவே?"

சொல்லிவிட்டுச் சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பிறகு பட்டாணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

டாக்டரிடம் நானே சொன்னேன். பிளீச்சிங் பவுடரில் ஒன்று செத்தது, சாக்கடை நத்தையைப் பெட்டியில் கலந்தது, கண்ணாடி வைத்துப் பார்த்தது எல்லாம். துளை எங்கே இருக்கும் என்று அவருடைய மருந்துச் சீட்டின் பின்னால் வரைந்து காட்டினேன். அவர் திட்டவில்லை. எழுந்தே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். பட்டாணியை ஒருக்களித்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முதுகில் ஊசியால் நீர் எடுத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், ஆனால் சத்தம் வெளியேயும் கேட்டது. அந்தப் புழுதான் என்று சாயங்காலம் சொன்னார்கள். வீக்கம் குறைய மருந்து ஏறுகிறது. இரண்டு மூன்று நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியுமாம்.

அப்பா லாரியை வழியிலேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறார். அம்மா என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை.

சத்தியத்தை மீறிவிட்டேன்.

சின்னவள்

—

செப்டம்பர் 16

சின்னவளே,

நேற்று ராத்திரி திரும்பினேன். உன் உறை தலையணைமேல் இருந்தது. வார்டனை எழுப்பிப் போன் பண்ணினேன். அம்மா ஒரே வார்த்தைதான் பேசினாள். "இருக்கான்." அதற்குப் பிறகு இருவருமே போனை வைக்கவில்லை. வார்டன்தான் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

கடற்கரையில் நான் நண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். 'நத்தைகள் நலம்' என்று நீ எழுதியது பஸ்ஸில் ஏறும்போது உறுத்தியது. இறங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு உறுத்தியது, நான் இறங்கவில்லை.

சத்தியம் வாங்கினவள் நான். ஆறு, ஆறு என்று எத்தனை முறை எழுதினேன் என்று தெரியவில்லை, அந்தக் கடிதங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. எண்ணாதே.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் குறிப்பேட்டை மூடிக் கையில் கொடுத்தார். இந்த வருடம் மேசை கிடையாது. பரவாயில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது மேசை, அவ்வளவுதான்.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். அம்மா பிரிக்கட்டும்.

அக்கா

—

அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதலாம், இந்தத் தடவை நிஜமாகவே. பட்டாணி வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதலில் நிற்கவே பயந்தான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போகிறான், இடது கால் கொஞ்சம் பின்தங்குகிறது. அது சரியாகிவிடும் என்கிறார் டாக்டர், மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொன்னார். எதைக் கொடுத்தாலும் மறுபடி 'வேண்டாம்' சொல்ல ஆரம்பித்துவிட்டான். அப்பா அதைக் கேட்டு அழுதார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் மூன்று மணி.

பெட்டி இப்போது கடிகாரக்காரர் கடையில், மேல்தட்டில், ஒரு சின்னப் பூட்டோடு இருக்கிறது. "இந்தக் கடையிலேயே மெதுவாப் போறது இதுதான், நல்லவேளை யாரும் ரிப்பேருக்குக் கொடுக்கல" என்கிறார். சாவி என்னிடம்.

அம்மா இத்தனை நாளும் என்னிடம் சாப்பிடு, படு, கதவைச் சாத்து என்பதைத் தவிரப் பேசவில்லை. நீ எழுதியிருப்பாய் போல, அந்தப் பழைய ஷூவை மட்டும் ஒருநாள் எடுத்துக் கையை விட்டுத் துழாவிப் பார்த்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. திருப்பி வைத்துவிட்டாள்.

நேற்று வேலையிலிருந்து வந்தவள் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் மடியில் போட்டாள். பழைய விரிப்பிலிருந்து பெட்டி அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தாள்.

"வெறும் தண்ணியில மூணு தடவ அலசினேன். பவுடர் எதுவும் போடல. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"வாசனை இருக்கா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

இன்னொரு தடவை முகத்தோடு வைத்துப் பார்த்தேன். இல்லை, அக்கா. ஒரு வாசனையும் இல்லை.

ஐந்தும் நலம்.

உன் சின்னவள்